உப்புக் காற்றுக்குத் தாங்குகிற மெசஞ்சர் பை வாங்குவது எப்படி?

புதுச்சேரிக்கோ கடலூருக்கோ வேலைக்கும் படிப்புக்கும் புதிதாகக் குடிவந்தவர்கள், முதல் மழைக்காலம் கழிந்ததும் பை வாங்கக் கடைக்குப் போவது இங்கே வழக்கம். ஊரிலிருந்து கொண்டுவந்த பையின் உள்பக்கம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். ஜிப் ரன்னர் பச்சை பூத்து அசைய மறுக்கும். பட்டையைப் பிடித்திருக்கும் வளையம் துருவேறி வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கோடு போட்டிருக்கும். துணி மட்டும் வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கும்.

கடலோரத்தில் முதலில் போவது பையின் உள்பூச்சும் இணைப்புகளும். கடையில் நாம் தடவித் தடவிப் பார்ப்பதோ துணியை. அதனால் துணிக்கு இங்கே கொஞ்சம் இடமும், மற்றதற்கு அதிக இடமும் கொடுத்திருக்கிறேன்.

மெசஞ்சர் பை என்பது பட்டையை மார்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொள்ளும், முன்பக்கம் பெரிய மூடி தொங்கும் பை. கடைகளில் சைடு பேக், ஆபீஸ் பேக், லேப்டாப் பேக் என்று எந்தப் பெயரிலும் கிடைக்கும். நியூயார்க் போன்ற நகரங்களில் சைக்கிளில் கடிதக் கட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களால் பரவிய பை இது. வண்டியை விட்டு இறங்காமலே முதுகில் கிடக்கும் பையை முன்னால் இழுத்துத் திறக்கலாம், அதுதான் இதன் வசதி. நம்மூர் ஜோல்னா பையும் பாதி வேலையைச் செய்யும். ஆனால் அதில் மடிக்கணினி வைத்தால் அடி தொங்கிவிடும், மழைக்கு மூடியும் கிடையாது.

1. சாமானைக் கட்டில்மேல் பரப்புங்கள்

தினமும் எடுத்துப் போகிற எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். மடிக்கணினி, சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, கோப்பு. மொத்தத்தையும் ஒரு பழைய பையில் போட்டு எடை பாருங்கள். நான்கு, நான்கரை கிலோவுக்குள் இருந்தால் மெசஞ்சர் பை சரிவரும். அதற்கு மேல் போனால், நேராகச் சொல்கிறேன், இரண்டு தோளிலும் மாட்டும் பையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தோளில் அவ்வளவு எடையைத் தினமும் தொங்கவிட்டால் கழுத்தும் தோளும் வலிக்கத்தான் செய்யும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையானாலும் அதை மாற்ற முடியாது.

அடுத்தது அளவு. மடிக்கணினியின் 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. பைக்குத் தேவையானது அகலமும் உயரமும். 15.6 அங்குலக் கணினி பெரும்பாலும் 36 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் இருக்கும். மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால் டேப் வைத்து அளந்து செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஏ4 தாள் 21க்கு 29.7 செ.மீ. என்பதால் எந்தப் பையிலும் அடங்கிவிடும். வழக்கறிஞர் அலுவலகத்திலோ பத்திரப் பதிவு வேலையிலோ இருப்பவர்கள் கையாளும் லீகல் அளவுத் தாள் 35.6 செ.மீ. நீளம். அதை மடிக்காமல் வைக்கப் பையின் உள் அகலம் 38 செ.மீ.யாவது வேண்டும்.

சாப்பாட்டு டப்பாவை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். மேல்நாட்டு மாதிரியைப் பார்த்துத் தைத்த ஒல்லிப் பைகளில் கணினியும் ஒரு நோட்டும் போகும், வட்ட டப்பா போகாது. சாம்பார் கொண்டுபோகிறவர் என்றால் டப்பா சாயாமல் நிற்கிற அளவுக்கு, 10 செ.மீ. அகலத்துக்குக் குறையாத தட்டையான அடி உள்ள பையைப் பாருங்கள். டப்பாவும் கணினியும் ஒரே அறையில் இருக்கவே கூடாது.

2. எதில் போகிறீர்கள்?

ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இந்தப் பையில் ஒரு தொல்லை உண்டு. வளைவில் சாயும்போது முதுகில் கிடக்கிற பை சரிந்து முன்னால் வந்து கையைத் தட்டும். இதற்காகவே சில பைகளில் அடியிலிருந்து குறுக்காக வந்து மெயின் பட்டையோடு சேரும் மெல்லிய இரண்டாம் பட்டை இருக்கும். அதை மாட்டினால் பை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வரைக்கும் தினமும் வண்டியில் போய்வருகிற மாணவர் என்றால் இந்த இரண்டாம் பட்டை இல்லாத பையை வாங்காதீர்கள். ஸ்கூட்டர் முன்கொக்கியில் தொங்கவிடுவது எளிய வழிதான். ஆனால் கணினி உள்ள பை ஒவ்வொரு வேகத்தடையிலும் உங்கள் முழங்காலில் இடிக்கும்.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே பேருந்தில் போகிறவர்கள் கதை வேறு. 20 கி.மீ.க்குச் சற்று மேல் தூரம், காலையில் நின்றுகொண்டேதான் போக வேண்டியிருக்கும். பையை முன்னால் கொண்டுவந்து வயிற்றோடு அணைத்துக்கொள்ள முடிகிற மெல்லிய பை இங்கே நல்லது. செல்போன், பர்ஸ் வைக்கிற அறை மூடிக்கு அடியில் இருக்கட்டும். மூடிக்கு வெளியே திறந்திருக்கும் அறையில் பஸ் பாஸைக்கூட வைக்காதீர்கள்.

3. துணி: இங்கே அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்

லேபிளில் 600டி, 1000டி, 1680டி என்று எழுதியிருக்கும். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். எண் கூடக்கூட நூல் தடிமன், பையின் எடையும் கூடும். தினப் பயன்பாட்டுக்கு 600 போதாது என்று சொல்ல மாட்டேன், பள்ளிப் பைகள் பல அதில்தான் வருகின்றன. ஆனால் அடிப்பாகமும் மூலைகளும் மட்டுமாவது 1000க்கு மேல் இருந்தால் நல்லது, தேய்வது அங்கேதான்.

நைலான் உராய்வுக்கு நன்றாகத் தாங்கும். பாலியஸ்டர் வெயிலுக்கு அதைவிடத் தாங்கும், ஈரத்தையும் குறைவாகவே இழுக்கும். பையை வண்டியில் மாட்டி வெயிலில் நிறுத்துகிறவர்களுக்குப் பாலியஸ்டர் தாழ்ந்ததல்ல. கடைக்காரர் "நைலான் சார், உசத்தி" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த சோதனைக்குப் போங்கள்.

கான்வாஸ் தொடுவதற்கு இனிமையானது, கிழிந்தால் தைப்பதும் எளிது. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்தால் மட்டும் இரண்டு நாளுக்குக் காயாது, காயாத பருத்தியில் கரும்புள்ளி பூஞ்சை வந்தால் போகவே போகாது. மெழுகு பூசிய கான்வாஸ் குளிர்நாட்டுக்குச் செய்தது. கத்திரி வெயிலில் மெழுகு இளகிச் சட்டையில் ஒட்டும்.

தோல் பையைப் பற்றிப் புதுச்சேரியில் பேசாமல் இருக்க முடியாது. திலீப் கபூர் 1978இல் இங்கே தொடங்கிய ஹைடிசைன் இன்று பல நாடுகளில் விற்பனையாகிறது. ஆரோவில் பக்கமும் கையால் தோல் பை செய்பவர்கள் இருக்கிறார்கள். மரப்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சாறுகளில் பதனிட்ட தோல் நாளாக ஆக நிறம் ஆழ்ந்து அழகாகும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். வாங்கும்போது தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். உள்ளே நார் நாராகத் தெரிந்தால் அசல். நடுவில் துணி தெரிந்தாலும், விளிம்பு முழுவதும் தடித்த பெயின்ட்டால் மூடியிருந்து காட்ட மறுத்தாலும் சந்தேகப்படுங்கள். தோல் தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகையும் தோல் என்றே விற்கப்படுகிறது. அது இந்த ஊர்க் காற்றில் தோசை போலப் பிய்ந்து வரும். நல்ல தோல் பையும் மழைக்கானதில்லை. மழை மாதங்களுக்கு வேறொரு பை வைத்துக்கொள்ள முடிகிறவர்கள் வாங்கலாம். ஒரே ஒரு பைதான் என்றால் நான் தோலைச் சொல்ல மாட்டேன்.

4. உள்பூச்சை நகத்தால் கீறுங்கள்

கடலோர வாசிகள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. செயற்கைத் துணிப் பைகளின் உள்பக்கம் தண்ணீர் புகாதிருக்க ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். மலிவான பைகளில் பெரும்பாலும் அது பாலியூரித்தேன், சுருக்கமாகப் பி.யூ. இதற்கு ஈரக்காற்று எதிரி. காற்றிலுள்ள நீராவி அந்தப் பூச்சின் மூலக்கூறுப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும். முதலில் பிசுபிசுக்கும், ஒரு வாடை வரும், பிறகு செதிலாகவோ பொடியாகவோ உதிரும். பையை உபயோகிக்காமல் பீரோவில் பூட்டி வைத்தாலும் இது நடக்கும். பாலிதீன் உறையில் சுற்றி வைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறாது, அப்போது இன்னும் மோசம்.

இதனால் இரண்டு விஷயம். ஒன்று, பாதி விலைக்கு விற்கும் பழைய சரக்கு இங்கே லாபமில்லை. இரண்டு ஆண்டு கிடங்கில் கிடந்த பையின் ஆயுளில் பாதி ஏற்கெனவே போயிருக்கலாம். இரண்டு, வாங்குமுன் பைக்குள் கையை விட்டு மூலைத் தையலோரம் நகத்தால் லேசாகக் கீறுங்கள். மாவு போல எதுவும் ஒட்டக்கூடாது, விரலில் பிசுக்கு இருக்கக்கூடாது. மூக்கை உள்ளே வைத்து முகர்ந்தும் பார்க்கலாம். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பி.யூ.வுக்கு மாற்று, உள்ளே தனியாகத் தைத்த தார்ப்பாய்ப் படலம். லாரியை மூடுகிற பி.வி.சி. தார்ப்பாயின் மெல்லிய வகை அது. எடை கூடும், பல ஆண்டில் விறைக்கும், ஆனால் ஈரக்காற்றால் இப்படிப் பொடியாக உதிராது. இந்த ஊருக்கு என் தேர்வு இதுதான். படலம் வெளிர் நிறத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கறுப்பு உள்துணியில் விழுந்த இயர்போனைத் தேடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரெக்சின் பைகளுக்கும் இதே விதி. அதன் வெளித்தோலே பூச்சு என்பதால் உதிர்வது ஊருக்கே தெரியும்.

5. இணைப்புகள்: அவசரப்படாமல் பாருங்கள்

பட்டை பையோடு சேரும் இடத்தில் தொடங்குங்கள். முழு எடையும் தொங்குவது அந்த இரண்டு இடங்களில்தான். அங்கே சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போலத் தைத்திருக்க வேண்டும், அல்லது நெருக்கமான குறுக்குத் தையல் பட்டைபட்டையாக ஓடியிருக்க வேண்டும். ஒற்றைக் கோட்டுத் தையல் என்றால் கீழே வைத்துவிடுங்கள். பட்டையின் முனை பக்கவாட்டுத் தையலுக்குள் நுழைந்து மறைந்திருந்தால், உள்பக்கம் திருப்பி எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கிறது என்று பாருங்கள். விரல் அகலமே இருந்தால் அது உருவிக்கொண்டு வரும்.

நூல் பளபளவென்று வழவழப்பாக இருப்பது நல்லது. பஞ்சாகச் சிலிர்த்த நூல் அவ்வளவு வலுவில்லை, பருத்தி நூலாக இருந்தால் ஈரத்தில் மக்கும். தோல் பையில் தையல் மிக நெருக்கமாக இருப்பது குறை. ஊசித்துளைகள் வரிசையாகச் சேர்ந்து தோலையே தபால்தலை ஓரம் போல ஆக்கிவிடும்.

பட்டை இரண்டங்குல அகலம் இருந்தால் தோளில் அறுக்காது. கார் சீட் பெல்ட் போல நெருக்கமாக நெய்த நைலான் பட்டை நல்லது. சொரசொரப்பாக, இலேசாக, ஓரத்தில் இழை பிரிகிற பாலிப்ரொப்பிலீன் பட்டை வெயிலில் சீக்கிரம் பொடிந்துபோகும். முழுதாக நீட்டினால் 140 செ.மீ. அளவுக்காவது வரட்டும், குறுக்காக மாட்டும்போது பை இடுப்பெலும்புக்குக் கீழே தொங்காமல் உங்கள் உயரத்துக்கு ஏற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் வளையமும் கொக்கியும். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள், பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பது போதும். வளையத்தில் காந்தம் பிடித்தால் உள்ளே இரும்பு, மேலே முலாம். கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தாலும் உப்புக் காற்று முலாமின் கீறலில் புகுந்து துருவைத் தொடங்கிவிடும். காந்தம் பிடிக்கவில்லை என்றாலும் உடனே மகிழ வேண்டாம். அது பித்தளையாகவும் இருக்கலாம், துத்தநாகக் கலவை வார்ப்பாகவும் இருக்கலாம். பித்தளை கையில் கனக்கும், பச்சை பூக்குமே தவிர அறுந்து விழாது. புளியால் தேய்த்தால் பழையபடி வந்துவிடும். துத்தநாக வார்ப்பு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் பட்டென்று முறியும், பெரும்பாலும் சுழலும் கொக்கியின் கழுத்தில். கொக்கியே இல்லாமல் பட்டையை நேராகப் பையில் தைத்திருந்தால் இந்தக் கவலை ஒன்று குறைவு. கழற்றி மாட்டும் பட்டை எத்தனை பேருக்கு நிஜமாகத் தேவைப்படுகிறது?

பிளாஸ்டிக் பக்கிள் துருப்பிடிக்காது, அதனால் இந்த ஊருக்கு ஏற்றதுதான். அழுத்திப் பூட்டி ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். சத்தம் தெளிவாக வர வேண்டும். அச்சில் ஒதுங்கிய பிசிறு ஓரத்தில் நீண்டிருந்தால் மட்டமான வார்ப்பு. மூடியை வெல்க்ரோ மட்டுமே பிடிக்கும் பையைத் தவிருங்கள். நூலும் தூசியும் அடைத்து அது பிடிப்பை இழக்கும், அமைதியான நூலகத்தில் அதைத் திறக்கும் சத்தம் வேறு.

ஜிப்பைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதை மாற்ற முடியும். ரன்னரின் பின்பக்கம் 5, 8, 10 என்று எண் இருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் அறைக்கு 8 அல்லது 10, சின்ன அறைக்கு 5 போதும். கடலோரத்துக்கு உலோகப் பல்லைவிட நைலான் சுருள் ஜிப் மேல். அதன் பல் துருப்பிடிக்காது, நடுவில் விட்டுப்போனாலும் ரன்னரைப் பின்னால் இழுத்து மறுபடி மூடினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். ஜப்பானின் ஒய்கேகே நிறுவன ஜிப் என்றால் நல்லதுதான். ஆனால் அந்த எழுத்துகளைப் போலியிலும் பொறிக்கிறார்கள், எழுத்தை நம்பாமல் இழுத்துப் பாருங்கள். வளைவான மூலையிலும் தயங்காமல் ஓட வேண்டும்.

ரன்னருக்குப் பின்னால் பல் திறந்துகொள்ள ஆரம்பித்தால் ஜிப்பையே மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அநேகமாகத் தேய்ந்தது ரன்னர் மட்டும்தான். குறட்டால் அதன் இரு பக்கத்தையும் மெதுவாக அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் ரன்னரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

6. மழை

வடகிழக்குப் பருவமழையைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மழைக்கு எந்தப் பையும் தாங்காது. தாங்க வேண்டியது, அலுவலகம் விட்டு வண்டி ஓட்டும்போது திடீரென்று பிடித்துக்கொள்ளும் அரைமணி நேர மழைக்கு.

அதில் தண்ணீர் துணி வழியாக வருவது குறைவு. ஜிப் வழியாகவும், தையல் துளை வழியாகவும், மூடியின் பக்கவாட்டு இடைவெளி வழியாகவும்தான் வரும். மூடி முன்னால் பாதிக்கு மேல் இறங்குவதோடு, இரு பக்கமும் இரண்டு விரல்கடை கீழே மடிந்து பையின் வாயோரத்தை மூட வேண்டும். மூடியின் மேல்பக்கத்தில் ஜிப் வைத்த பைகள் பார்க்க வசதி, மழையில் அது தண்ணீர்க் குழாய். காலிப் பையைத் தலைக்குமேல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள், புள்ளிப்புள்ளியாக ஒளி தெரியும் தையல்கள் ஒழுகும்.

எப்படியும் கணினிக்குத் தனியாக ஒரு தடித்த பிளாஸ்டிக் உறை பையிலேயே கிடக்கட்டும். ஐப்பசி பிறந்ததிலிருந்து பொங்கல் வரை அதை எடுக்காதீர்கள்.

7. கடையில்

புதுச்சேரியில் நேரு வீதி, காந்தி வீதியில் ஞாயிறு கூடும் சந்தை, கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலை, இந்த இடங்களைச் சுற்றி வந்தாலே எல்லா விலைக்கும் பார்த்துவிடலாம். ஞாயிறு சந்தையில் நல்ல பையும் அகப்படும், ஆனால் திரும்பக் கொண்டுபோய்க் கேட்க ஆள் இருக்க மாட்டார். அங்கே மேலே சொன்ன சோதனைகளை இன்னும் கண்டிப்பாகச் செய்யுங்கள். இணையத்தில் வாங்குகிறவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் வீட்டிலேயே இவற்றைச் செய்து பார்க்கலாம்.

சாமானோடு கடைக்குப் போங்கள். கணினியையும் டப்பாவையும் உள்ளே வைத்து, மாட்டிக்கொண்டு, குனிந்து நிமிருங்கள். பிறகு கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, ரன்னர் போனா இங்கேயே மாத்திக் குடுப்பீங்களா? பட்டை பிரிஞ்சா தைச்சுத் தருவீங்களா?" தையல் மிஷினைக் கடையிலேயே வைத்திருப்பவர் சரக்கின் குறையை மறைக்காமல் சொல்வார், அந்தப் பை மறுபடி தன்னிடமே வரும் என்று அவருக்குத் தெரியும். "ஒரு வருஷம் கேரண்டி" என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எதற்கு கேரண்டி என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், ஜிப்புக்கா, தையலுக்கா?

விலையை வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 700 ரூபாய்ப் பை ஒரு மழைக்காலத்தோடு போனால் ஆண்டுக்கு 700. 2,500 ரூபாய்ப் பை ஐந்து ஆண்டு வந்தால் ஆண்டுக்கு 500. கையில் இப்போது 700தான் இருக்கிறது என்றால் அதிலும் நல்லதைப் பொறுக்கலாம். தையலும் வளையமும் சரியாக உள்ள எளிய பையை வாங்கி, பை தைப்பவரிடம் கொடுத்து, பட்டை சேரும் இடத்தில் இன்னொரு சுற்றுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

8. வாங்கிய பிறகு

ராக் பீச்சிலோ தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ மாலை முழுதும் உட்கார்ந்துவிட்டு வந்தால், ஈரத்துணியால் வளையம், ரன்னர், பக்கிள் மூன்றையும் துடைத்துவிடுங்கள். மணல் ஜிப்புக்குள் போயிருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். உலோக ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியைப் பற்களில் தேயுங்கள். எண்ணெய் விட்டால் மணலும் தூசியும் வந்து ஒட்டும்.

செயற்கைத் துணிப் பையை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பூச்சு போய்விடும். சோப்பு நுரையைத் துணியில் தொட்டுத் துடைத்து, தலைகீழாக நிழலில் காய வையுங்கள். தோல் பையில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட விட்டு, பிறகு லெதர் கிரீம் தடவலாம். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் வழக்கம் உண்டு. தோல் கறுத்துப்போகும், அளவு மீறினால் பிசுபிசுப்பில் தூசி அப்பும். வைத்திருக்கும்போது உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். அந்தத் தாளை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

உள்பூச்சு உதிரத் தொடங்கிய பையைக் காப்பாற்ற முயல வேண்டாம். அதன் பித்தளை வளையம், நல்ல பக்கிள், பட்டை ஆகியவற்றை வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த பையில் ஏதாவது முறிந்தால் பை தைப்பவரிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம்.